பரீட்சைக் காலத்தில் மன அமைதியும் நல்ல உறக்கமும்



வருடத்தில் இரண்டு முறை, நவம்பர் - டிசம்பரிலும் ஏப்ரல் - மே மாதங்களிலும், கல்லூரி விடுதிகளில் இரவு இரண்டு மணிக்குக்கூட விளக்கு அணைவதில்லை. செமஸ்டர் பரீட்சை நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். டீக்கடையில் கூட்டம் குறையாது. ஜெராக்ஸ் கடையில் வரிசை நிற்கும். "இன்னிக்கு நைட் அவுட்தான்" என்று ஒருவருக்கொருவர் பெருமையாகச் சொல்லிக் கொள்வார்கள். அதே சமயம் இன்னொரு கூட்டமும் உண்டு. இவர்கள் பத்து மணிக்கே படுத்துவிடுவார்கள். ஆனால் கண் மூடாது. புரண்டு புரண்டு படுத்து, மூன்று மணிக்கு மேல் கொஞ்சம் அசந்து, ஐந்து மணிக்கு அலாரம் அடித்ததும் திடுக்கிட்டு எழுவார்கள்.

தூங்காமல் விழித்திருப்பவர், தூங்க விரும்பியும் முடியாதவர் ஆகிய இருவருக்கும் பயன்படும் செய்திகளை இந்தப் பிரசுரத்தில் தந்திருக்கிறோம். தூக்கத்தை ஒரு குடும்ப நலச் செய்தியாக ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும்போது வீடே பரீட்சை எழுதுகிறது அல்லவா? ஆகவே இதைப் பெற்றோரும் படிக்க வேண்டும்.

ஒரு மாணவியின் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மகளிர் விடுதிக்கு சுகாதாரப் பேச்சுக்காகச் சென்றிருந்தேன். பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி தனியாக வந்து நின்றாள். அவர்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் பிள்ளை அவள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கித்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். "சார், ஒரு வாரமா ராத்திரி மூணு மணி வரைக்கும் படிச்சேன். கேள்வித்தாளைப் பார்த்தா எல்லாம் படிச்ச கேள்விதான். ஆனா கைக்கு ஒண்ணும் வரலை. மூளை அப்படியே வெள்ளைத்தாள் மாதிரி ஆயிடுச்சு. சாயங்காலம் ரூமுக்கு வந்து படுத்ததும் பதிமூணு மார்க் பதில் முழுக்க ஞாபகம் வருது சார்" என்று சொல்லி அழுதாள்.

அவள் படிக்காமல் இல்லை, மறந்துவிடவும் இல்லை. மறந்திருந்தால் சாயங்காலம் எப்படி ஞாபகம் வரும்? படித்தது உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்க முடியவில்லை. தூக்கக் குறைவும் பயமும் சேர்ந்து கதவை அடைத்துவிட்டன. இப்படி நடக்கும் காரணம் தெரிந்தால் பாதி பயம் நீங்கிவிடும்.

தூங்கும்போது மூளை சும்மா இருக்கிறதா?

இல்லை. தூக்கம் என்பது விளக்கை அணைப்பது போல மூளையை அணைத்துவிடுவது அல்ல. 1953-ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் தூங்குகிறவர்களின் கண் அசைவுகளைக் கவனித்து, தூக்கத்தில் பல நிலைகள் உண்டு என்பதை வெளியிட்டார்கள். லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவு அதிகம் வரும் தூக்கம் என்று மாறி மாறி வரும். இந்தச் சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு இரவில் நான்கு, ஐந்து சுற்றுகள் நடக்கின்றன. இரவின் முற்பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். பின் பாதியில் கனவுத் தூக்கம் அதிகம்.

பகலில் நீங்கள் படித்தது முதலில் மூளையின் உட்பகுதியிலுள்ள ஹிப்போகாம்பஸ் என்ற இடத்தின் பொறுப்பில் இருக்கிறது. கடைக்கு வந்த சரக்கு மூட்டையைத் திண்ணையில் இறக்கி வைப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். இரவில், குறிப்பாக ஆழ்ந்த தூக்கத்தில், அந்தச் சரக்கு பிரிக்கப்பட்டு உள்ளே அலமாரிகளில் இடம் பார்த்து வைக்கப்படுகிறது. கனவுத் தூக்கமும் இந்த வேலையில் பங்கு கொள்கிறது. இரவெல்லாம் புது மூட்டைகளை இறக்கிக் கொண்டே இருந்து, அடுக்கி வைக்க நேரமே கொடுக்காவிட்டால், காலையில் வாடிக்கையாளர் வந்து கேட்கும்போது எந்தப் பொருளும் கைக்குக் கிடைக்காது. பரீட்சை ஹாலில் நடப்பதும் இதுதான்.

ஆகவே தூக்கம் படிப்புக்கு எதிரி அல்ல. தூங்கும் நேரமும் படிப்பு நேரத்தில் ஒரு பகுதியே. கல்லூரி வயதினருக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் தேவை. பரீட்சைக் காலத்தில் 7 மணிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

தூங்காவிட்டால் என்ன ஆகும்?

1997-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கை, கண், கவனம் ஆகியவை, இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லிகிராம் மது கலந்தவரைப் போலத் தடுமாறின. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 100 மில்லிகிராம் அளவுக்குச் சமமாகிவிட்டது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பே 30 மில்லிகிராம்தான்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு எழுந்த ஒரு தம்பி, இரவு முழுக்க நைட் அவுட் போட்டுவிட்டு மறுநாள் பத்து மணிக்கு ஹாலில் உட்காருகிறார். அவர் விழித்திருந்தது 28 மணி நேரம். குடித்துவிட்டுப் பரீட்சை எழுதப் போவாயா என்று கேட்டால் கோபம் வரும். ஆனால் மூளையின் நிலை கிட்டத்தட்ட அதேதான். இந்த நிலையில் பைக் ஓட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போவது பரீட்சையைவிடப் பெரிய ஆபத்து. மார்க் போனால் வாங்கிக் கொள்ளலாம்.

படுத்தால் தூக்கம் ஏன் வரமாட்டேன் என்கிறது?

நம் உடம்பில் தூக்கத்தை வரவழைக்க இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன.

முதலாவது, களைப்புக் கணக்கு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து கொண்டே வருகிறது. சேரச் சேரத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். தூங்கி எழுந்ததும் கணக்கு தீர்ந்துவிடும். காபி, டீ இவற்றிலுள்ள காஃபின் இந்த அடினோசினின் வேலையைத் தடுக்கிறது. களைப்பை அது போக்குவதில்லை. களைப்பை நமக்குத் தெரியாமல் மறைத்து வைக்கிறது. குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே 5, 6 மணி நேரம் ஆகும். இரவு எட்டு மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபி குடித்தால், நடு இரவு ஒன்றரை மணிக்கும் அரைக் காபி உடம்பிலே நிற்கிறது. கடையில் டப்பாவில் விற்கும் 'எனர்ஜி' பானங்களிலும் இருப்பது இதே காஃபின்தான். கூடவே சர்க்கரையும் உண்டு.

இரண்டாவது, உடம்புக்குள் இருக்கும் கடிகாரம். இதன் இயக்கத்தைக் கண்டுபிடித்ததற்காகவே 2017-இல் ஹால், ரோஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பொழுது சாய்ந்து இருட்டியதும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, உடல் சூடு சற்றுக் குறைகிறது, தூக்கம் வருகிறது. கண்ணில் பளீரென்ற வெளிச்சம் பட்டால் இந்தச் சுரப்பு குறைந்துவிடும். படுக்கையில் படுத்துக்கொண்டு செல்போனை முகத்துக்கு நேரே பிடிப்பவர், "இன்னும் பொழுது போகவில்லை" என்று மூளைக்குப் பொய் சொல்கிறார்.

இந்த இரண்டும் சரியாக இருந்தும் தூக்கம் வராமல் செய்வது பயம். புலியைக் கண்டால் ஓடுவதற்காக நம் உடம்பு அட்ரினலின், கார்ட்டிசால் போன்றவற்றைச் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், வயிறு கலங்கும். கேள்வித்தாளும் நம் உடம்புக்கு ஒரு புலிதான்! புலிக்கு முன்னால் யாருக்காவது தூக்கம் வருமா? வராது. இது கோழைத்தனம் அல்ல, உடம்பின் இயல்பு.

கொஞ்சம் பயம் நல்லதே. பயமே இல்லாதவர் புத்தகத்தைத் தொடமாட்டார். ஓரளவு பரபரப்பு வேலையைக் கூட்டும், அளவு மீறினால் வேலை கெடும் என்ற கருத்துக்கு 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் செய்த ஆராய்ச்சி அடிப்படை அமைத்தது. ரசத்துக்கு மிளகு போல என்று வைத்துக் கொள்ளுங்கள். பயத்தை அடியோடு ஒழிக்க முயல வேண்டாம். அளவில் வைத்தால் போதும்.

படிக்கும் முறையை மாற்றினால் பயம் பாதி குறையும்

தூக்கம் வராததற்குப் பெரிய காரணம் "இன்னும் முடிக்கலையே" என்ற எண்ணம். ஆகவே படிக்கும் முறையைப் பற்றி மூன்று வார்த்தை.

1. ஒரே பாடத்தை ஒரே நாளில் பத்து மணி நேரம் படிப்பதைவிட, நாளுக்கு இரண்டு மணி வீதம் ஐந்து நாள் படிப்பது நெஞ்சில் நிற்கும். படித்தது முதல் சில மணி நேரங்களில்தான் வேகமாக மறக்கிறது, திரும்பத் திரும்பப் பார்த்தால் மறதி குறைகிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1885-லேயே தம்மைத் தாமே சோதித்து எழுதி வைத்தார்.

2. கோடு போட்ட நோட்ஸையே திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு காகிதத்தில் ஞாபகம் உள்ளதை எழுதிப் பாருங்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, தம்மைத் தாமே சோதித்துக் கொண்டவர்களே முந்தினார்கள். பழைய கேள்வித்தாளை எடுத்து, பார்க்காமல் எழுதிப் பழகுவதே சிறந்த ரிவிஷன்.

3. 50 நிமிடம் படித்தால் 10 நிமிடம் எழுந்து நடங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் செல்போனைக் கையில் எடுக்க வேண்டாம். எடுத்தால் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

நேரம் போதவில்லையா? கணக்குப் பார்ப்போம்

"தூங்கினா எப்ப சார் படிக்கிறது?" இந்தக் கேள்வியைக் கேட்காத மாணவர் இல்லை. ஸ்டடி லீவ் நாள் ஒன்றை எடுத்துக் கொள்வோம். இரவு 10.30-க்குப் படுத்து காலை 5.30-க்கு எழுந்தால் 7 மணி நேரத் தூக்கம். மீதி 17 மணி நேரம். குளியல், சாப்பாடு, நடை, இளைப்பாறுதல், வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் தாராளமாக 7 மணி ஒதுக்குங்கள். அப்போதும் 10 மணி நேரம் கையில் இருக்கிறது. தெளிந்த தலையோடு பத்து மணி நேரம் படித்தால் அதைவிட வேறு என்ன வேண்டும்? நைட் அவுட் போடுபவர் அடுத்த நாள் பகலில் மேஜை மேல் தலை கவிழ்ந்து கிடக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். இலாபம் யாருக்கு என்று தெரியும்.

விடியற்காலையில் எழுந்து படிப்பது நம் ஊரில் பழைய வழக்கம். நல்ல வழக்கமே. ஆனால் நாலு மணிக்கு எழுகிறவர் ஒன்பது மணிக்குப் படுத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஒரு மணிக்குப் படுத்தவனை நாலு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்புவது நல்ல வழக்கத்தில் சேராது.

இரவில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். மாலையில் ஏதாவது சூடாகக் குடிக்கத் தோன்றினால் காபித்தூள் சேர்க்காத சுக்கு மல்லிக் காபி, பால், மோர், சூப் எதுவும் சரி.

2. இரவுச் சாப்பாடு எட்டு, எட்டரைக்குள். இட்லி, இடியாப்பம், தயிர் சாதம் போல எளிதில் செரிப்பது நல்லது. பதினொரு மணிக்குப் பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் வயிறு தூங்காது. வயிறு தூங்காவிட்டால் நீங்களும் தூங்க முடியாது. வெறும் வயிற்றோடும் படுக்காதீர்கள்.

3. ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர் வெக்கையே தூக்கத்தைக் கெடுக்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். தோலில் இரத்த ஓட்டம் கூடி, உட்சூடு வெளியேறும், தூக்கம் வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொசுவலை கட்டுங்கள், பருத்தித் துணி உடுத்துங்கள்.

4. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே புத்தகத்தையும் செல்போனையும் மூடிவிடுங்கள். போனை அடுத்த அறையிலோ, கைக்கு எட்டாத அலமாரியிலோ வையுங்கள். அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "நான் அஞ்சு யூனிட்டும் முடிச்சிட்டேன்" என்று ஒருவர் இரவு பன்னிரண்டு மணிக்குப் போடும் செய்தி, எத்தனையோ பேருடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

5. படுக்கும் முன் ஐந்து நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். 2018-இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். தலையில் சுமந்ததைக் காகிதத்தில் இறக்கி வைத்துவிட்டால் தலை லேசாகும்.

6. கட்டிலில் உட்கார்ந்து படிக்காதீர்கள். கட்டில் தூங்குவதற்கே என்று உடம்புக்குப் பழக்கம் வர வேண்டும். விடுதியில் வேறு இடம் இல்லாவிட்டால் தரையில் பாய் விரித்துப் படியுங்கள்; கட்டிலைப் படுக்க மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

7. படுத்து இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால், கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து விடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக உட்காருங்கள். மெல்லிய பாட்டுக் கேளுங்கள். கண் சொக்கியதும் திரும்பப் போய்ப் படுங்கள். பூட்சின் என்ற உளவியலாளர் 1972-இல் வகுத்த இந்த முறையை இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையில் பயன்படுத்துகிறார்கள்.

8. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். எழுந்ததும் பத்து, பதினைந்து நிமிடம் காலை வெயில் படும்படி நடங்கள். உட்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சமே.

படபடப்பைத் தணிக்க இரண்டு பயிற்சிகள்

மூச்சுப் பயிற்சி: நிமிர்ந்து உட்காருங்கள் அல்லது மல்லாந்து படுங்கள். வயிற்றின் மேல் ஒரு கையை வையுங்கள். மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுங்கள். கை மேலே எழ வேண்டும். ஆறு எண்ணிக்கொண்டே மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் இப்படிச் செய்யுங்கள். மூச்சை வெளியே விடும் நேரம் நீண்டால் இதயத் துடிப்பு தணியும். இதைப் பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் செய்து பயனில்லை. பதினைந்து நாள் முன்பிருந்தே பழகுங்கள்.

தசைத் தளர்ச்சி: அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்தது. படுத்தபடி கால் விரல்களை இறுக்கி ஐந்து எண்ணும் வரை வைத்து, சட்டென்று தளர விடுங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என்று வரிசையாகச் செய்யுங்கள். உடம்பு தளர்ந்தால் மனமும் தளரும். பலர் தோளுக்கு வருவதற்குள்ளேயே தூங்கி விடுகிறார்கள்!

சில சந்தேகங்களும் பதில்களும்

"பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி தூக்கமே வரலைன்னா என்ன செய்யறது?"

பதற வேண்டாம். முந்தைய நாட்களில் ஒழுங்காகத் தூங்கியிருந்தால், ஒரு இரவு தூக்கம் குறைந்ததால் பரீட்சை போய்விடாது. கண்ணை மூடி அமைதியாகப் படுத்திருப்பதும் ஓய்வே. "தூங்கியே ஆகணும்" என்று போராடினால்தான் தூக்கம் ஓடும்.

"பகலில் தூங்கலாமா?"

தூங்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணிக்குள், 20 நிமிடம் போதும். இரண்டு மணி நேரம் தூங்கினால் எழும்போது தலை பாரமாக இருக்கும். இரவுத் தூக்கமும் கெடும்.

"மெடிக்கல் ஷாப்பில் ஒரு தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டா என்ன?"

கூடவே கூடாது. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் 2014 முதல் எச்1 என்ற அட்டவணையில் உள்ளன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது சட்ட விரோதம். இந்த மாத்திரைகள் புதிதாகப் படித்ததை மனதில் பதிய விடாமல் தடுக்கும். பழக்கமாகிவிடும் அபாயமும் உண்டு. நண்பன் கொடுத்தான், பாட்டியின் டப்பாவில் இருந்தது என்று எடுத்துப் போடாதீர்கள். சளி மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போடுவதும் தவறு. மறுநாள் ஹாலில் மயக்கமாக இருக்கும். விழித்திருக்க மாத்திரை போடுவது அதைவிடப் பெரிய தவறு. சிகரெட்டும் வேண்டாம், நிகோட்டின் தூக்கத்தைக் கலைக்கும்.

"பரீட்சை நேரத்தில் மாதவிலக்கு வந்து வலி தாங்க முடியவில்லை. என்ன செய்வது?"

இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் உதவும். வலி அதிகமானால் முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைக் கலந்து, பொருத்தமான வலி மாத்திரையைக் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

பரீட்சை அன்று

காலையில் கட்டாயம் ஏதாவது சாப்பிடுங்கள். ஹால் டிக்கெட், பேனா, கால்குலேட்டர் இவற்றை முதல் நாள் இரவே எடுத்து வையுங்கள். அரை மணி முன்னதாகப் போய்ச் சேருங்கள். வாசலில் நின்று "இது படிச்சியா, அது படிச்சியா" என்று கேட்பவர் கூட்டத்திலிருந்து தள்ளி நில்லுங்கள். கேள்வித்தாள் கைக்கு வந்ததும் இரண்டு நிமிடம் முழுவதும் படியுங்கள். தெரிந்த கேள்வியை முதலில் எழுதுங்கள்.

தலை வெறுமையானால் பேனாவைக் கீழே வையுங்கள். பாதங்களைத் தரையில் நன்றாக ஊன்றி, ஐந்து மூச்சு மெதுவாக விடுங்கள். கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறு ஒரு சின்னக் கேள்விக்குப் போங்கள். பயம் தணிந்தால் பதில் தானாக வரும். எழுதி முடித்து வெளியே வந்ததும், விடைகளைச் சரி பார்த்து மனதைக் கெடுத்துக் கொள்ள வேண்டாம். முடிந்தது முடிந்தது. அடுத்த பேப்பர்தான் நம் கையில் இருக்கிறது.

பெற்றோர்களே, உங்களுக்கு

பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசை தவறல்ல. கடன் வாங்கிப் படிக்க வைக்கிறீர்கள். நகையை வைத்துப் படிக்க வைக்கிறீர்கள். அது பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் தூக்கம் வருவதில்லை. அதைத் தினமும் நினைவுபடுத்தாதீர்கள். "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்று ஒப்பிடாதீர்கள். விடுதிக்குப் போன் செய்யும்போது முதல் கேள்வி "எவ்வளவு படிச்சே?" என்று இல்லாமல் "சாப்பிட்டியாப்பா, தூங்கினியா?" என்று இருக்கட்டும். வீட்டில் டி.வி.யின் சத்தத்தைக் குறையுங்கள். இரவு பத்தரைக்கு "போதும் கண்ணு, படு" என்று நீங்களே விளக்கை அணையுங்கள்.

அரியர் விழுந்தால்? அடுத்த வாய்ப்பில் எழுதலாம். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. ஒரு பேப்பர் போனதால் பட்டம் போய்விடாது. குடும்ப மானமும் போய்விடாது. இதைப் பரீட்சை முடிவு வந்த பிறகு சொல்வதைவிட, பரீட்சைக்கு முன்பே பிள்ளையின் காதில் விழும்படி சொல்லுங்கள்.

எப்போது மருத்துவ உதவி தேவை?

கீழ்க்கண்டவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பரீட்சை பயம் என்று விட்டுவிடாதீர்கள்.

- தினமும் தூக்கமின்மை, அல்லது விடியற்காலையிலேயே விழிப்பு
- சாப்பாட்டில் விருப்பமின்மை, உடல் மெலிவு
- யாரிடமும் பேசாமல் ஒதுங்குவது, காரணமில்லாமல் அழுவது
- எதிலும் ஈடுபாடு இல்லாமை, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு
- மது, போதைப் பழக்கம் தொடங்குவது

"நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற பொருளில் பிள்ளை ஒரு முறை பேசினாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே உதவி தேடுங்கள். அப்படிப் பேசுபவர் செய்யமாட்டார் என்பது தவறான நம்பிக்கை. "உயிரை விடணும்னு தோணுதா?" என்று அன்போடு நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஒரு ஆள் கிடைத்த ஆறுதலே வரும். திட்டாமல், அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, மாத்திரைகள் இவற்றைப் பூட்டி வையுங்கள்.

மாணவரே, அந்த எண்ணம் உங்களுக்கே வந்தால், அது உங்கள் குற்றமல்ல. களைத்துப் போன மனத்தின் வலி அது. வலி தணியும். யாரிடமாவது, இன்றைக்கே, வாய் விட்டுச் சொல்லுங்கள்.

14416 என்பது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மனநல மருத்துவரிடம் போவது காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போலத்தான்.

அந்த மாணவி என்ன ஆனாள்?

அன்றைக்கு அவளுக்கு இன்னும் இரண்டு பேப்பர்கள் பாக்கி இருந்தன. "இன்னிக்கு ராத்திரி புத்தகத்தைத் தொடாதேம்மா. சாப்பிட்டுட்டுப் படு" என்றேன். அவள் நம்பவில்லை. "தூங்கச் சொல்றீங்களே சார், நாளை மறுநாள் பரீட்சை" என்றாள். விடுதிக் காப்பாளர் அம்மாள்தான் அவளுடைய புத்தகங்களை வாங்கித் தம் அறையில் வைத்துக் கொண்டார். எட்டு மணி நேரம் தூங்கினாள். மீதி இரண்டு பேப்பர்களையும் பதற்றமில்லாமல் எழுதினாள். முன்பு கெட்டுப்போன பேப்பரில் அரியர் விழத்தான் செய்தது. அடுத்த செமஸ்டரில் அதையும் எழுதித் தேறிவிட்டாள். அந்த அரியரைப் பற்றி வீட்டில் சொன்னபோது அவள் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "இதுக்கா இத்தனை நாள் தூங்காம கிடந்தே?"

அப்பா அப்படிக் கேட்பார் என்று முன்பே தெரிந்திருந்தால் அவள் அன்றே நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

நினைவில் கொள்க:
ஏழு மணி உறக்கம், இடையிடையே ஓய்வு!
பகலில் படிப்பு, இரவில் படுக்கை!
மனம் கனத்தால் மறைக்காதே, மருத்துவரிடம் சொல்!